‘ஒய்’ தட்டுவதற்கு முன்: எஃப்எஸ்சிகே என்ன கேட்கிறது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் கரண்ட் ஒரேயடியாகப் போவதில்லை. போகும், வரும், பத்து நிமிடத்தில் மறுபடி போகும். வந்தாலும் லோ வோல்டேஜில் டியூப்லைட் துடிக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கஜா கரையேறிய பிறகு, கம்பம் நட்டு லைன் இழுத்த நாட்களில் இந்தக் கண்ணாமூச்சியைப் பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் எல்லோரும் பார்த்தார்கள். கும்பகோணத்து டிடிபி கடைகளிலும் திருவாரூர்ப் பக்கத்து ஸ்டுடியோக்களிலும் உள்ள பழைய டெஸ்க்டாப்புகள், பேட்டரி செத்த யூபிஎஸ்ஸோடு இந்தப் பருவத்தைத் தாண்டியாக வேண்டும். லினக்ஸ் ஓடுகிற மெஷினாக இருந்தால் மறுநாள் காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி நிற்கும்: ‘அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி’. எஃப்எஸ்சிகே என்பது ஃபைல்சிஸ்டத்தை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பை, சோதித்துப் பழுது பார்க்கும் கட்டளை; கணக்கு எதிர்பாராமல் முரண்படுகிறது, அதை நீயே ஓட்டு என்பதுதான் அந்த வரியின் பொருள்.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: எஃப்எஸ்சிகே கட்டளையோடு ‘-ஒய்’ சேர்த்து ஓட்டு, எல்லாக் கேள்விக்கும் அதுவே ஆமாம் சொல்லிக்கொள்ளும். பல நேரம் மெஷின் எழுந்துவிடும் என்பது உண்மை. எழாத நேரத்தில், அல்லது எழுந்தும் கல்யாண ஆல்பம் ஃபோல்டர் காலியாகக் கிடக்கும் நேரத்தில், எந்தக் கேள்விக்கு ஆமாம் சொன்னோம் என்பதற்குப் பதிவே இருக்காது. அந்தத் திரையில் ஓடும் வரிகள் எல்லாம் ஒரே கனம் கொண்டவை அல்ல. சில வெறும் கணக்குத் திருத்தம். சில, ஒரு கோப்பை நிரந்தரமாக அழிக்க அனுமதி கேட்பவை. இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே தொனியில், ஒரே ‘ஒய்’ குறியோடு வருவதுதான் சிக்கல்.

தொனி ஒன்றாக இருப்பதற்குக் காரணம் நிரல் எழுதப்பட்ட விதம். லினக்ஸின் ஃபைல்சிஸ்டம் வகைகளான எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றையும் பழுது பார்ப்பது ஈ2எஃப்எஸ்சிகே என்ற கருவி. தியடோர் ட்ஸோ நெடுங்காலமாகப் பராமரித்து வரும் தொகுப்பில் உள்ளது. அதன் மூல நிரலில் ‘பிராப்ளம்.சி’ என்ற கோப்பில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு எண், ஒரு வாசகம், ஒரு கேள்வி, சில கொடிகள் (உண்டு, இல்லை என்று காட்டும் குறிகள்). எண்ணைப் பார்த்தாலே அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியும். வாசகம் முழுதாக எழுதப்பட்டிருக்காது: ‘@’ குறியோடு ஓர் எழுத்து இருந்தால் ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு), இன்னோர் எழுத்து இருந்தால் பிளாக் (வட்டில் தரவு வைக்கும் ஒரு துண்டு இடம்), வேறொன்று இருந்தால் ஃபைல்சிஸ்டம் என்று ஓடும்போது விரித்துக்கொள்ளும். எல்லாச் செய்தியும் ஒரே அச்சில் வார்த்ததாகத் தெரிவது அதனால்தான்.

கொடிகளில் முக்கியமானது ஒன்று: இந்தக் கோளாறை மனிதரைக் கேட்காமலே சரிசெய்யலாமா என்பது. பூட் ஆகும்போது ‘-பி’ முறையில் கருவி ஓடுகிறது. அப்போது அந்தக் கொடி உள்ளவற்றைத் தானே திருத்திவிட்டுப் போகும். கொடி இல்லாத ஒன்று எதிர்ப்பட்டால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடும். ‘மேனுவலி’ என்ற வரி வருவது அப்போதுதான். அதாவது அந்த வரியைப் பார்க்கிறோம் என்றாலே, இதை எழுதியவர்கள் ‘இது ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது’ என்று குறித்து வைத்த ஒன்றில் நிற்கிறோம். அந்த இடத்தில் ‘-ஒய்’ போடுவது அவர்கள் வேண்டுமென்றே வைத்த தடையைத் தூக்கி எறிவது.

கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு வினைச்சொல் இருக்கும்: ஃபிக்ஸ், கிளியர், கனெக்ட், சால்வேஜ், ரீலொகேட், குளோன், ட்ரங்கேட், டிலீட் ஃபைல், அபார்ட். செய்தியைவிட இந்தச் சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஃபிக்ஸ் என்றால் பெரும்பாலும் ஓர் எண்ணை மாற்றுவது. கனெக்ட் என்றால் அநாதையாக நிற்பதை ஓரிடத்தில் கட்டிவைப்பது. சால்வேஜ் என்றால் உடைந்த ஃபோல்டர் பிளாக்கில் மிஞ்சியதைக் காப்பாற்றுவது. கிளியர், ட்ரங்கேட், டிலீட் மூன்றும் இழப்பு. இதிலும் கிளியர் ஒரு வஞ்சகச் சொல்: இரண்டாம் கட்டத்தில் ‘இந்தப் பெயர் அழிந்துபோன ஐநோடைக் காட்டுகிறது, கிளியர்?’ என்று கேட்டால் போவது பெயர் வரி மட்டும். கோப்பு எப்போதோ போய்விட்டது. முதல் கட்டத்தில் ‘ஐநோடில் குப்பை இருப்பதாகத் தெரிகிறது, கிளியர்?’ என்றால் போவது அந்தக் கோப்பே. ‘அபார்ட்?’ என்ற கேள்விக்கும் ‘-ஒய்’ ஆமாம் என்றுதான் சொல்லும். அதாவது வேலையை விட்டு வெளியேறிவிடும். ‘-ஒய் போட்டும் சரியாகவில்லை’ என்று வருபவர்களில் சிலருடைய மெஷினில் கருவி எதையுமே தொட்டிருக்காது.

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பூட் நின்றுபோய் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற அவசரக் கட்டளைக் குறியில் நிற்கும் திரையில் மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்ப்பது கடினம். பென்டிரைவிலிருந்து ஒரு லைவ் லினக்ஸை (வட்டில் நிறுவாமலே ஓடுவது) ஏற்றி, அங்கிருந்து ஓட்டுவதே நல்லது. ‘ஸ்கிரிப்ட்’ கட்டளையைத் தொடங்கிவிட்டு எஃப்எஸ்சிகேயை ஓட்டினால் கேள்வி, பதில் எல்லாம் ஒரு கோப்பில் விழும். பார்ட்டிஷன் (வட்டின் பிரிக்கப்பட்ட பகுதி) மவுண்ட் ஆகாமல், அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்படாமல், இருக்க வேண்டும். மவுண்ட் ஆனதன்மேல் பழுது பார்த்தால் கடும் சேதம் வரும் என்று நட்சத்திரக் குறி போட்டுக் கத்தும் எச்சரிக்கை மிகையல்ல. லினக்ஸின் மையமான கர்னல் தன் நினைவில் ஒரு கணக்கு வைத்திருக்கும்போது கருவி வட்டில் வேறொரு கணக்கை எழுதும். கர்னல் பிறகு தன்னுடையதை அதன்மேல் எழுதும்.

முதல் ஓட்டம் ‘-எஃப் -என்’. எதையும் எழுதாது, எல்லாக் கேள்விக்கும் இல்லை சொல்லிக்கொண்டே போகும். இங்கே ஒரு பொறி உண்டு. ‘-என்’ முறையில் ஜர்னலை (செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) வாசித்து நிறைவேற்றாது; ‘ஸ்கிப்பிங் ஜர்னல் ரிக்கவரி’ என்று ஆரம்பத்தில் ஒரு வரி போடும். அந்த வரி இருந்தால், பின்னால் வரும் கோளாறுகளில் பல பொய். கரண்ட் போனபோது பாதியில் நின்ற எழுத்து ஜர்னலில் பத்திரமாக இருக்கும். அதை நிறைவேற்றினாலே கணக்கு சரியாகிவிடும். அதனால் ‘-என்’ பட்டியலைப் பார்த்துப் பதறக் கூடாது. பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்ததாகக் கேள்வி கேட்கும் சாதாரண முறையில் ஓட்டினால், ‘ரிக்கவரிங் ஜர்னல்’ என்று சொல்லிவிட்டு, முன்பு கத்தியதில் பாதியைப் பற்றிப் பேசவே பேசாது. அந்த ஓட்டத்தில் ‘-இசட்’ கொடுத்து வேறொரு வட்டில் உள்ள ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால், மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய நிலையும் அங்கே சேரும். தப்பு நடந்தால் ‘ஈ2அண்டூ’ கொண்டு பின்வாங்கலாம். இந்த வசதியைச் சொல்லித் தருபவர்கள் ஏனோ குறைவு.

அதேபோல ‘கிளீன்’ என்ற வரியையும் அப்படியே நம்பக் கூடாது. ‘-எஃப்’ இல்லாமல் ஓட்டினால், சூப்பர்பிளாக்கில், அதாவது ஃபைல்சிஸ்டத்தின் தலைமைப் பதிவில், சுத்தம் என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை கோப்பு, எத்தனை பிளாக் என்ற எண்ணிக்கையோடு முடித்துக்கொள்ளும். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

உள்ளே போனால் ஐந்து கட்டம்: ஐநோடுகளும் பிளாக்குகளும், ஃபோல்டர்களின் அமைப்பு, ஃபோல்டர்களின் தொடர்பு, இணைப்பு எண்ணிக்கை, கடைசியில் தொகுதிக் கணக்கு. பின்னாலிருந்து பார்ப்பது வசதி, ஏனென்றால் அபாயம் முன்னால்தான் அதிகம்.

ஐந்தாம் கட்டத்தில் ‘ஃப்ரீ பிளாக்ஸ் கவுண்ட் ராங்’ என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்ணோடு வந்தால் கவலை வேண்டாம். முதல் எண் எழுதி வைத்திருந்தது, இரண்டாவது இப்போது எண்ணிப் பார்த்தது. மூல விவரம் கையில் இருக்கும்போது கூட்டுத்தொகையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ‘பிளாக் பிட்மேப் டிஃபரன்சஸ்’ (பிட்மேப் என்பது எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற குறிப்பேடு) என்று வந்து கூட்டல், கழித்தல் குறியோடு நீளமாக எண்கள் ஓடினால் மட்டும் குறியைக் கவனியுங்கள். கழித்தல் என்றால் யாரும் பயன்படுத்தாத பிளாக் ‘நிரம்பியது’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது, இடம்தான் வீண். கூட்டல் என்றால் ஒரு கோப்பு பயன்படுத்தும் பிளாக் ‘காலி’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தவறான குறியோடு மெஷின் சில நாள் ஓடியிருந்தால், அந்த இடத்தில் வேறு கோப்பு எழுதப்பட்டிருக்கலாம். கூட்டல் நிறைய வந்தால் முதல் கட்டத்தின் வெளியீட்டுக்குத் திரும்பிப் போய் ‘மல்டிப்ளி-கிளெய்ம்டு’ (ஒரே பிளாக்கைப் பல கோப்புகள் உரிமை கோருவது) இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நான்காம் கட்டத்தின் ‘அன்அட்டாச்டு ஐநோடு, கனெக்ட் டு லாஸ்ட்+ஃபவுண்ட்?’ கேள்விக்கு ஆமாம் சொல்வதில் நட்டமில்லை. ஐநோடில் உரிமையாளர், அளவு, தேதி, பிளாக்குகளின் இடம் எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது, அது ஃபோல்டரில் இருப்பது. ஃபோல்டர் வரி போய்விட்டால் கோப்பு முழுதாக இருந்தும் பெயரில்லாமல் நிற்கும். லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டருக்குள் ‘#’ குறியோடு ஐநோடு எண்ணையே பெயராக வைத்துப் போடும். ‘ஃபைல்’ கட்டளையை ஓட்டினால் எது ஜேபெக், எது பிடிஎஃப் என்று சொல்லிவிடும். மூன்றாம் கட்டத்தில் ஒரு ஃபோல்டரே துண்டாகி அங்கே வந்திருந்தால் இன்னும் நல்லது: மேல்பெயர் மட்டும் எண்ணாக இருக்கும், உள்ளே உள்ள கோப்புகளின் பெயர் அப்படியே இருக்கும்.

இனி முதல் கட்டம். உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். அதிலும் கடினமானது ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் தம்முடையது என்று சொல்வது. ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பேரிடம் பட்டா இருக்கும் நிலை அது. ஏட்டைப் புரட்டி மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கருவி உடனே மேலும் மூன்று துணைக் கட்டம் ஓடும். 1பி: எந்த ஐநோடுகள், எந்த பிளாக்குகள். 1சி: அந்த ஐநோடுகளின் பெயர் என்ன என்று ஃபோல்டர்களில் தேடுவது. 1டி: பெயர், ஐநோடு எண், கடைசியாக மாற்றிய நேரம், எத்தனை பிளாக், யாரோடு பங்கு என்று சொல்லி ‘குளோன் மல்டிப்ளி-கிளெய்ம்டு பிளாக்ஸ்?’ என்று கேட்பது. ஆமாம் என்றால் தகராறுக்குரிய பிளாக்கைப் பிரதி எடுத்து இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடும். தகராறு தீரும், ஆனால் பிளாக்கில் இருப்பது ஒருவருடைய தரவுதான், மற்றவருடைய கோப்பில் அந்த இடம் அந்நியம். இல்லை என்றால் அடுத்த கேள்வி ‘டிலீட் ஃபைல்?’. தெரியாமல் அதற்கும் ஆமாம் சொல்லிவிடுபவர்கள் உண்டு.

இங்கே சரியான வழி, குளோனுக்கு ஆமாம் சொல்லிவிட்டு, 1டி காட்டிய பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் இரண்டு கோப்பையும் திறந்து பார்ப்பது. மாற்றிய நேரம் ஒரு துப்பு: பிந்தி எழுதப்பட்டதுதான் பிளாக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று பெரிய புகைப்படம், இன்னொன்று லாக் கோப்பு என்றால் எதை நம்புவது என்று திறந்தவுடனே தெரிந்துவிடும். பெயரைக் குறிக்காமல் ‘-ஒய்’ போட்டிருந்தால், கெட்ட கோப்பு எது என்பது ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஆல்பம் கேட்டு வரும்போதுதான் தெரியும்.

‘டூ மெனி இல்லீகல் பிளாக்ஸ், கிளியர் ஐநோடு?’ என்று வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு ஐநோடு என்றால் அந்தக் கோப்புகளின் முகவரிப் பட்டியலே சிதைந்துவிட்டது, பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான். அடுத்தடுத்த எண் கொண்ட ஐநோடுகள் வரிசையாக இப்படி வந்தால் ஒரு ஐநோடு அட்டவணை பிளாக்கே குப்பையாகியிருக்கிறது. அதற்கு மின்வெட்டு மட்டும் காரணமாக இருப்பது அரிது. ராம், கேபிள், வட்டு என்று பார்க்க வேண்டும். ‘கன்ட்ரோல்-சி’ கொடுத்து வெளியே வந்து, முதலில் வட்டைப் படியெடுப்பது உத்தமம்.

‘பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்’ கேட்கப் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் தட்டச்சுத் தவறு. எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனைச் சொல்ல வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று முழு வட்டையும் கொடுத்தால் இதுதான் வரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைக் கொடுத்தாலும், எல்விஎம் (வட்டு இடத்தைத் தொகுத்துப் பிரித்துத் தரும் அடுக்கு) உள்ளே இருப்பதற்கு வெளிப்பெட்டியைக் கொடுத்தாலும் இதே. இப்போதைய பதிப்புகள் ‘இதில் ஒரு பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது’, ‘இதில் என்டிஎஃப்எஸ் இருக்கிறது’ என்று கண்டதைக் கூடுதலாகச் சொல்கின்றன; நல்ல திருத்தம். முன்பு மாற்று சூப்பர்பிளாக்குக்கு (அதன் பிரதி இருக்கும் இடத்துக்கு) 8193 என்ற எண்ணை மட்டும் ஆலோசனையாகத் தரும். அது 1 கேபி பிளாக் உள்ள ஃபைல்சிஸ்டத்துக்குப் பொருந்துவது. இன்றைய வட்டுகளில் வழக்கமான 4 கேபி பிளாக்குக்கு 32768, அதற்கடுத்து 98304, 163840. இப்போது 32768-ஐயும் சேர்த்துச் சொல்கிறது. இந்த எண்களைத் தெரிந்துகொள்ள ‘எம்கேஈ2எஃப்எஸ் -என்’ ஓட்டச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அதில் ‘-என்’ விட்டுப்போனால் வட்டு ஃபார்மேட் ஆகிவிடும். மேலே உள்ள மூன்று எண்ணை ஒவ்வொன்றாக ‘-பி’யின் சிறிய எழுத்து, பிளாக் அளவு 4096-ஐ ‘-பி’யின் பெரிய எழுத்து கொண்டு நேராகக் கொடுத்துப் பார்ப்பது பாதுகாப்பு. பூட் முறைக்குச் சொன்ன ‘-பி’ வேறு எழுத்து, ‘பிரீன்’ என்பதன் முதலெழுத்து, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபைல்சிஸ்டத்தின் அளவு இவ்வளவு, வட்டின் அளவு அதைவிடக் குறைவு, ‘அபார்ட்?’ என்று கேட்டால் பெரும்பாலும் அது படியெடுத்த வட்டு. 500 ஜிபி என்று எழுதியிருக்கும் இரண்டு வட்டுகள் சம அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வால்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். பழைய வட்டு உயிரோடு இருந்தால் அங்கே போய் முதலில் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ கொண்டு சுருக்கிவிட்டுப் படியெடுக்க வேண்டும்.

சூப்பர்பிளாக்கின் மவுண்ட் நேரம் ‘எதிர்காலத்தில் இருக்கிறது’ என்ற செய்திக்கு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றி, நேரத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. அப்படி இரண்டும் உள்ள மெஷினில் ஒன்று வன்பொருள் கடிகாரத்தை இந்திய நேரமாகவும் மற்றது உலகப் பொது நேரமாகவும் வாசித்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசம் வரும். ஒரு நாளுக்குள் உள்ள வித்தியாசம் என்றால் கருவியே ‘கடிகாரம் தவறாக இருக்கலாம்’ என்று சொல்லிப் போய்விடும்.

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு: ‘எரர் ரீடிங் பிளாக்’ என்று தொடங்கி ‘ஷார்ட் ரீட்’ என்று போய், ‘இக்னோர் எரர்?’, பிறகு ‘ஃபோர்ஸ் ரீரைட்?’ என்று கேட்பது. இங்கே பழுது ஃபைல்சிஸ்டத்தில் இல்லை, வட்டில். ரீரைட்டுக்கு ஆமாம் சொன்னால் படிக்க முடியாத இடத்தில் கையில் இருப்பதை எழுதிவிடும். அங்கே இருந்ததை இனி யாராலும் மீட்க முடியாது. வெளியே வந்து கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பாருங்கள். ‘யுஎன்சி’ என்றால் செக்டர் செத்தது. ‘ஐசிஆர்சி’ என்றால் வழியில் கோளாறு, அதாவது சாட்டா கேபிள் அல்லது அதன் முனை. நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று முனைகளைப் பச்சை பூக்க வைப்பதால் இதை முதலில் சந்தேகிக்கலாம். வட்டு தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அட்டவணையில் 197 ஏறியிருந்தால் படிக்க முடியாத செக்டர், 5 ஏறியிருந்தால் ஏற்கெனவே மாற்றிய செக்டர், 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிள். கேபிள் என்றால் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். செக்டர் என்றால் ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு சமமான அல்லது பெரிய வட்டுக்குப் படியெடுத்து, எஃப்எஸ்சிகேயைப் படியின்மேல் ஓட்ட வேண்டும். சாகும் வட்டில் ‘-சி’ போட்டு முழு வட்டையும் சோதிப்பது அதன் மிச்ச ஆயுளைத் தின்பது.

மின்வெட்டால் வந்ததா, பழைய நோயா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. ‘டம்ப்ஈ2எஃப்எஸ் -எச்’ ஓட்டினால், கர்னல் கண்ட முதல் பிழையின் நேரமும் கடைசிப் பிழையின் நேரமும் சூப்பர்பிளாக்கில் பதிவாகியிருந்தால் காட்டும். நேற்றைய மழைக்குப் பழி போடுபவர் முதல் பிழை ஆடி மாதம் என்று பார்த்தால் வேறு விதமாக யோசிப்பார். முழுப் பழுது முடிந்ததும் அந்தப் பதிவு போய்விடும், ஆகவே முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி முடிந்ததும் திரும்பக் கொடுக்கும் எண் தனி மொழி. 0 கோளாறில்லை. 1 திருத்தியாயிற்று. 2 திருத்தியாயிற்று, ரீபூட் செய். 4 திருத்தாமல் மிச்சம் இருக்கிறது. 8 கருவியே ஓட முடியவில்லை. எண்கள் கூடி வரும்: 12 வந்தால் 4-ம் 8-ம். 1 வந்தாலும் மறுபடி ‘-எஃப்’ போட்டு ஓட்டி 0 வரும்வரை விடக் கூடாது. இரண்டாம் ஓட்டத்தில் புதிதாகக் கோளாறு முளைத்தால் வன்பொருளைப் பாருங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல்சிஸ்டம் போட்ட சர்வர்களில் பழக்கம் வேறு. ‘லாகில் மதிப்புள்ள மாற்றங்கள் இருக்கின்றன, மவுண்ட் செய்து நிறைவேற்று, அன்மவுண்ட் செய், பிறகு என்னைக் கூப்பிடு, முடியவே முடியாவிட்டால் மட்டும் -எல், அது லாகை அழித்துவிடும்’ என்று எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் சொல்வது, இந்த வகைக் கருவிகளில் நன்றாக எழுதப்பட்ட செய்திகளில் ஒன்று: என்ன நிலை, என்ன செய், எது கடைசி வழி, அதில் என்ன இழப்பு என்று நான்கும் இருக்கிறது. ஆனால் படிப்பவர்களில் பலர் கடைசியில் உள்ள ‘-எல்’ மட்டும் கண்ணில் பட்டு அதையே தட்டுகிறார்கள்.

இவ்வளவும் முடிந்து 0 வந்தாலும், கருவி சரிபார்த்தது கட்டமைப்பை மட்டும். கோப்பின் உள்ளடக்கத்தை அது படிப்பதே இல்லை. எக்ஸ்ட்4 எழுதுவதைத் தள்ளிப்போட்டு மொத்தமாக எழுதும் பழக்கம் உள்ளது. கரண்ட் போன நேரத்தில் சேமித்த கோப்பு பூஜ்ய அளவில் நின்றால் அது எஃப்எஸ்சிகே கண்ணுக்குக் குற்றமற்ற காலிக் கோப்பு. அதனால் மவுண்ட் செய்தவுடன் ‘ஃபைண்ட்’ கொண்டு, கடந்த இரண்டு நாளில் மாறிய, அளவு 0 உள்ள கோப்புகளைத் தேடிப் பட்டியலெடுங்கள். மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ் இருந்தால் அதன் சொந்தச் சோதனையைத் தனியாக ஓட்டுங்கள். 1டி கட்டத்தில் குறித்த பெயர்களையும், லாஸ்ட்+ஃபவுண்டில் வந்தவற்றையும் அந்தப் பட்டியலோடு சேர்த்து, பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டியவற்றை எடுத்த பிறகே மெஷினை வேலைக்கு விடலாம்.